ஹான்சன் சொன்னது 20 ஆண்டு அல்ல
"நியூயார்க்கின் வெஸ்ட் சைடு ஹைவே 20 ஆண்டில் தண்ணீருக்குள் போய்விடும் என்று 1988-ல் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் சொன்னார், ரோடு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

1988-ல் பத்திரிகையாளர் பாப் ரீஸ் ஹான்சனிடம் கேட்ட கேள்வியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: 40 ஆண்டு கழித்து, அதுவும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால். 2001-ல் ஒரு பேட்டியில் ரீஸ் நினைவிலிருந்து சொன்னபோது 40 என்பது 20 ஆனது, இரட்டிப்பு விட்டே போனது. பிழையைப் பின்னர் ரீஸே ஒப்புக்கொண்டார். (ஃபார்வர்டில் அது மட்டும் இருக்காது.)

காற்றில் கார்பன் டை ஆக்சைடின் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவான 280 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 280 பங்கு) கணக்கிட்டாலும் இரட்டிப்புக்கு 560 வேண்டும். அதை அளக்கும் ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் 2024-ன் சராசரி சுமார் 424தான். கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்தில் ஹான்சனின் விளக்கமே இருக்கிறது, பார்க்கலாம். உங்கள் குரூப்புக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.