சுடுற கேமும் கிளித்தட்டும்

போன கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், என் லப்டொப்பில் டூம் என்ற, பிசாசுகளைச் சுடுகிற கேம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "வன்னியில இருந்துகொண்டு உமக்கு இதுவோ விளையாட்டு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாங்குளம் பக்கம் வேலை என்று போய்விட்டார். கேள்வி மட்டும் மூன்று நாளாக மண்டைக்குள் கிடக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்ததே மீளக்குடியேறிய பிறகுதான். நான் முதன்முதல் மவுஸைப் பிடித்தது கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில். சேர் வெளியே போனால் போதும், பெடியள் ஒளித்து வைத்திருந்த கேம்களைத் திறந்துவிடுவார்கள். அநேகமாக எல்லாம் ஆமிக் கேம்கள். மண்மூட்டை, இடிந்த சுவர், மேலே ஹெலி. பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் இருக்க முடியாது. பயத்தில் இல்லை, அலுப்பில். சுவருக்குப் பின்னால் குந்தியிரு, எட்டிப் பார், சுடு, திரும்பவும் குந்தியிரு. திரை சிவந்தால் அசையாமல் இரு, உயிர் தானாக ஏறும். 2005 இல் வந்த கால் ஒப் டியூட்டி 2 இலிருந்து இந்த முறை ஒரு சட்டம் மாதிரியே ஆகிவிட்டது. குந்தியிருந்து காத்திருப்பதில் எனக்கு மாதக்கணக்கில் பயிற்சி உண்டு. வளவுக்குள் வெட்டிய பங்கரில் அதைத்தானே செய்தோம். கேமிலும் அதையே செய்யச் சொன்னால் எப்படி?

டூம் என் கைக்கு வந்தது மச்சான் ஒருவனின் பென் டிரைவில். அப்போதே அது பழைய கேம். 1993 டிசம்பர் 10 இல் ஐடி சொப்ட்வெயார் என்ற கேம் கம்பனி வெளியிட்டது. ஜோன் கார்மாக், ஜோன் ரொமேரோ என்று அந்தக் கூட்டத்துப் பெயர்கள் எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. முதல் பாகத்தைச் சும்மாவே கொடுத்தார்கள், பிடித்திருந்தால் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கு என்று. அந்த முதல் பாகத்தின் பைல் ஏறக்குறைய 4 எம்பி. இப்போது வருகிற பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டிப் போகின்றன. போனில் டேட்டா போட்டு இறக்குகிற எங்களுக்கு அது ஒரு மாதச் செலவு.

முதல் கட்டத்திலேயே ஒரு இடம் வரும். பச்சைக் குழம்பு நிறைந்த பள்ளம், அதற்கு மேலே வளைந்து வளைந்து போகிற ஒடுங்கிய பாதை, அந்தப் பக்கத்து மேடையில் ஒரு இம்ப். மண்ணிறத்தில் முள்ளு முள்ளாக இருக்கும் பிசாசு. அது கையை ஓங்கி ஒரு நெருப்புப் பந்தை எறியும். எறிந்தது தெரியும், வருவது தெரியும், எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதும் தெரியும். ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தால் பந்து காதோரமாகப் போய் பின்சுவரில் வெடிக்கும். எனக்கு அந்த ஒரு எட்டுத்தான் முழு விளையாட்டும். வருவதைக் கண்ணால் கண்டு காலால் விலத்தலாம். விலத்தாமல் அடி வாங்கினால் பிழை என்னுடையது, கேமுடையது இல்லை.

அதே டூமில் துவக்கோடு திரிகிற சோம்பிகளும், அதாவது நடைப்பிணங்களும் உண்டு, முன்னாள் படையினராம். அவர்கள் சுடுவது பந்து இல்லை. விசை அழுத்திய அந்தக் கணமே பட்டுவிடும். அடுத்து வந்த டூம் 2 இல் இருக்கிற செயின்கன்காரன், நிற்காமல் சுடுகிற துவக்கோடு வருபவன், இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாத மூலையில் நின்று உயிரைக் கரைத்துவிடுவான். டூமில் எனக்குப் பிடிக்காத எதிரிகள் இவர்கள் மட்டும்தான். ஏன் என்று நண்பருக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வேகம், வேகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேகம் மட்டும் என்றால் ஏ9 இல் போகிற தனியார் பஸ்ஸும்தான் வேகம். இந்தக் கேம்களின் வேகத்தை விளங்க வேண்டுமென்றால் கிளித்தட்டை நினைத்துப் பாருங்கோ. ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் மறித்து நிற்பான், கிளி என்று சொல்கிற ஒருவன் மட்டும் எந்தக் கோட்டாலும் ஓடி வருவான். ஒருவனை இடப்பக்கம் இழுத்துவிட்டு வலப்பக்கத்தால் பாய வேண்டும். பாய்கிற நேரத்தில் கிளி எங்கே நிற்கிறது என்ற கணக்கும் தலைக்குள் ஓட வேண்டும். நின்றாயோ, தொட்டுவிடுவான். டூமும் இதேதான், கையில் ஒரு ஷொட்கன் கூடுதல். கிளித்தட்டில் இல்லாத ஒரு குசும்பும் உண்டு. சோம்பி சுட்டது தவறி இம்பின் முதுகில் பட்டால், இம்ப் உங்களை விட்டுவிட்டு அவனோடு மல்லுக்கு நிற்கும். இரண்டையும் கோர்த்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோசம்.

ஆயுதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. 1994 இல் வந்த டூம் 2 இன் இரட்டைக் குழல் ஷொட்கன். இரண்டு தோட்டாவும் ஒரே அடியில் போய்விடும். பிறகு குழலை மடக்கி, தோட்டா போட்டு, 'டக்' என்று மூட ஏறக்குறைய ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடிக்கு நீங்கள் வெறுங்கை. அதற்குள் எங்கே ஓடி எங்கே திரும்புவது என்று சுடுவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். நல்ல ஆயுதம் என்றால் எனக்கு இதுதான். எத்தனை பேரை விழுத்துகிறது என்பதைவிட, என்னை எப்படி ஓட வைக்கிறது என்று பார்ப்பேன்.

கட்டங்களின் அமைப்பும் முக்கியம். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், மரத்தை வைத்துத்தான் பாதை. இந்த வளைந்த பாலையைத் தாண்டினால் குளக்கட்டு என்று மனதில் பதிந்திருக்கும். நல்ல பழைய பாணிக் கேமிலும் நீலச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, முன்பு பார்த்த நீலக் கதவு எங்கே என்று அப்படித்தான் ஞாபகம் வரும். அம்புக்குறி காட்டத் தேவையில்லை. சுவரில் ஒரு பலகை மட்டும் நிறம் மாறி நிற்கும், தட்டினால் உள்ளே ஒரு அறை. கட்டம் முடிந்தால் எத்தனை வீதம் இரகசியம் கண்டாய் என்று கணக்கும் காட்டும். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நிற்பாட்டிய காலத்தில், மிச்சமிருந்த பற்றரியில் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று முழு டூமையும் முடித்தேன். பத்து நிமிடத்தில் ஒன்று முடியும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் விளங்கியது.

பழைய பாணி என்று சொல்லி இப்போது நிறைய வருகின்றன. ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தேன், பெயர் வேண்டாம். படம் சதுரம் சதுரமாக இருந்தது, அவ்வளவுதான் பழமை. அறைக்குள் போனால் கதவு பூட்டும், எல்லோரையும் கொன்றால் திறக்கும், அடுத்த அறை, திரும்பவும் பூட்டும். சாவியும் இல்லை, இரகசியமும் இல்லை. கிளித்தட்டுக் கோடு கீறிவிட்டு அதற்குள் கபடி ஆடின மாதிரி.

நல்லதும் இருக்கிறது. 2018 இல் வந்த டஸ்க். பெரும்பகுதி ஒரே ஆளின் வேலை, டேவிட் சிமான்ஸ்கி என்பவர். நிலக்கீழ் அறையொன்றில், இரண்டு கையிலும் அரிவாளோடு தொடங்கும், நெல்லு வெட்டுகிற அதே வளைந்த அரிவாள். சங்கிலி வாளோடு மூன்று பேர் ஓடி வருவார்கள், யோசிக்க நேரமே இல்லை. அங்கங்கே ஒரு சவர்க்காரக் கட்டி ஒளிந்திருக்கும், எறிந்தால் எப்பேர்ப்பட்ட எதிரியும் ஒரே அடியில் சரி. 2020 இலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கிற அல்ட்ராகில் இன்னும் ஒரு படி மேலே. அதில் உயிர் ஏற வேண்டுமென்றால் எதிரிக்குக் கிட்டப் போய் அவன் இரத்தம் உங்கள் மேல் தெறிக்க வேண்டும். தூரத்தில் பதுங்கியிருந்தால் செத்தீர்கள். 2016 இல் புதிதாக வந்த டூமிலும் கிட்டப் போய்க் கையால் முடித்தால் மருந்து சிந்தும். அங்கேயும் கதவு பூட்டுகிற அறைகள் உண்டுதான். ஆனால் உள்ளே ஓடித் திரிய இடம் தாராளம் என்பதால் மன்னித்துவிட்டேன்.

நண்பரின் கேள்வி முழுக்கப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் ஒரு நாள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு விளையாடினேன். செயின்கன் சத்தம் விறாந்தை வரை போயிருக்கிறது. முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மம்மா சுளகோடு எழும்பி அறை வாசலுக்கு வந்தா. திரையைப் பார்க்கவில்லை. "உதைக் கொஞ்சம் நிப்பாட்டு ராசா" என்றா. அவ்வளவுதான். திரும்பப் போயும் இலை உருவவில்லை, சும்மா இருந்தா. அடுத்த நாள் கிளிநொச்சிக்குப் போய் ஹெட்போன் வாங்கினேன்.

ஆசைப்படுகிறவர்கள் டூமின் அந்த இலவச முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கோ. கடினம் ஐந்து படி உண்டு, நடுவில் உள்ளதை எடுங்கோ. லேசானதை எடுத்தால் அறைகள் காலியாகக் கிடக்கும், ஓட வேண்டிய தேவையே வராது. முதல் கட்டத்துக்கு அவர்கள் போட்டிருக்கிற நேரம் 30 நொடி. எனக்கு முதல் தடவை இருபது நிமிடம் ஆனது, அக்காவின் மகனுக்கு ஏழு நிமிடம். பைல் வேண்டுமென்றால் பென் டிரைவோடு வீட்டுக்கு வாங்கோ, போட்டுத் தருகிறேன். இங்கேயே ஒரு கட்டம் ஆடிப் பார்க்கிறதென்றால் ஹெட்போனையும் கொண்டு வாங்கோ.