எந்தத் தெரு?

சனிக்கிழமை ராத்திரி நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும், நான் எழுதியதை மட்டும் பக்குவமாக வெட்டிவிட்டு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குழுவின் அட்மினான நான் யாருடைய கருத்தையும் நீக்கவில்லை. வாரச்சந்தையைக் குளத்தங்கரையிலிருந்து பைபாஸுக்கு மாற்றக் கூடாது என்று அண்ணன் போட்ட பதினேழு செய்திகளும் அங்கேயே இருக்கின்றன. மாற்றத்தான் வேண்டும் என்று அந்தத் தம்பி எழுதியதும் இருக்கிறது. பதினெட்டாவதாக அண்ணன் தம்பிக்குப் போட்ட "நீ எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும்" என்ற ஒரு வரியைத்தான் எடுத்தேன்.

"தெருவைக் கேட்பது குற்றமா?" என்கிறார்கள். ஐயா, தபால்காரர் கேட்டால் குற்றமில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர் கேட்டாலும் இல்லை. சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பதில் தீர்ந்துபோன இடத்தில் தெரு எதற்கு வருகிறது என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தெரியாத மாதிரி கேட்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிறு வயதில் அப்பாவோடு முடிவெட்டப் போவேன். "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று சுவரில் பலகை தொங்கும். அதற்கு அடியில் உட்கார்ந்துதான் ஊரே அரசியல் பேசும். கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் பேச்சு ஆள் மேல் திரும்பிவிட்டால், கத்தியை மடக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் வீரம் பேச முடியும்? 1991 தேர்தல் சமயத்தில் என் அப்பாவே அப்படி உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தவர், "பேசுங்கய்யா, மரியாதையாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தைத் தொடங்கினார். இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவரை அப்பா உட்பட எல்லோரும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் எல்லோரையும் ஐயா என்பார். அது அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை.

சரி, குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். கருத்துச் சுதந்திரம் என்று அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார் ஒருவர். நன்றி. அது அரசாங்கம் உங்கள் வாயை மூடாமல் இருப்பதற்கு. நான் அரசாங்கம் இல்லை. மாதா மாதம் சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்பவன்.

"கேஸுக்குப் பயந்து நீக்கிவிட்டான்" என்பது அடுத்தது. உறுப்பினர் எழுதியதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொல்லியாகிவிட்டது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. நம் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், அட்மின் வேலை மட்டும் பார்த்தவர் என்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னது. ஆக, சட்டப்படி நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கலாம்.

"போன மாதம் உன் சிநேகிதன் திட்டியபோது எங்கே போயிருந்தாய்?" அன்றைக்கு வேலையில் இருந்தேன். சரி, பார்த்தேன். பார்த்துவிட்டு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தப்புதான். ஆனாலும் "மண்டையில் மசாலா இல்லை" என்பதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் எனக்குப் போட்ட கடைசிச் செய்தி, "நீ என்ன ஜட்ஜா?" என்பது. அதே குளத்தில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரை நீக்கவில்லை, அவராகத்தான் வெளியேறினார். ஆனால் ஊர் முழுக்க நான் நீக்கிவிட்டேன் என்றுதான் பேச்சு.

இந்தக் குழுவை எதற்குத் தொடங்கினோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? 2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னை மொத்தமும் சாய்ந்து, கரண்ட் இல்லாமல், வீட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் வெளிநாட்டில் தவித்தார்களே, அவர்களுக்காக. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவருக்கு இடம். சிங்கப்பூரில் இருந்தவர்களெல்லாம் எனக்குப் போன் செய்து காத்திருந்தார்கள். தார்ப்பாய் வேண்டும், மெழுகுவத்தி வேண்டும் என்று யாராவது எழுதினால், உடனே பத்துப் பேர் கேட்பார்கள்: "எந்தத் தெரு?" சொன்ன தெருவுக்குத் தார்ப்பாய் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவர்.

நேற்றிலிருந்து என் உள்பெட்டிக்கு இருபத்து மூன்று பேர் வந்து "நீ செய்தது சரி" என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷம். குழுவில் அதை எழுதியவர் ஒருவர்கூட இல்லை. எழுதினால் உங்களையும் தெருக் கேட்பார்கள் என்ற பயமா?

தம்பியும் வெளியேறிவிட்டார். "சந்தை எங்கே இருந்தா எனக்கென்னண்ணே" என்று தனியாக ஒரு வரி அனுப்பிவிட்டு. இப்போதைக்குக் குழுவில் அட்மின் மட்டுமே எழுத முடியும். புதன்கிழமை காலை திறந்துவிடுகிறேன். இருவருக்கும் லிங்க் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் இன்னும் பார்க்கவில்லை. தம்பி பார்த்துவிட்டார், பதில் வரவில்லை.