போனைத் திட்டி முடிஞ்சுதா?

கிழமை முழுக்க அந்த முதியோர் இல்லத்துக் கதைதான். எல்லாரும் வாசிச்சிருப்பீங்க: காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்த ஒரு அம்மா, சுகர் இறங்கி அரை மயக்கத்துக்குப் போனா, அவவைப் பார்த்த டொக்டர் கொழும்பில, போனில. "கொழும்பில இருந்து போனில வைத்தியம் பார்த்தா இப்படித்தான்" என்று ஒரு பதிவு, அதுக்குக் கீழே ஊரே கூடி ஆமாம் போட்டதையும் பார்த்தேன். அதனால்தான் இது.

டொக்டர் போனில் பார்த்தது பிழையில்லை. அவர் பார்க்கிறதுக்கு இல்லத்தில் ஒன்றுமே எழுதி வைக்கப்படவில்லை. பிழை அங்கேதான்.

காய்ச்சலில் கிடந்த அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. சுகர் குளிசை மட்டும் காலையும் மாலையும் தவறாமல் போயிருக்கு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளுக்கு நீங்கள் சாப்பிட்டீங்களா இல்லையா என்று தெரியாது. அவை பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் பலவீனமான வயதில் மருந்து உடம்பை விட்டு வெளியேறவும் நேரமெடுக்கும். "சீனித்தண்ணி பருக்கியிருந்தாச் சரியாயிருக்கும்" என்று எழுதின அறிவாளிகளுக்கு: அரை மயக்கத்தில் இருக்கிறவருக்கு வாயில் ஊத்தினால் அது நுரையீரலுக்குப் போகும். குளிசை உடம்பில் இருக்கும்வரை, ஏறின சுகர் சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம். ஆஸ்பத்திரியில் மறித்து வைக்கிறது அதுக்காகத்தான்.

இதைத் தடுக்க ஒரு வரி போதும். "வழமையான சாப்பாட்டில் பாதிகூடச் சாப்பிடாவிட்டால் அடுத்த சுகர் குளிசையைக் குடுக்காமல் சுகரைப் பார்க்கவும், 70க்குக் கீழே என்றால் உடனே அழைக்கவும்." பராமரிப்புத் திட்டம் என்கிறது இதுதான். இதைக் கொழும்பிலிருந்தும் எழுதலாம், கனடாவிலிருந்தும் எழுதலாம். ஆனால் அந்த டொக்டருக்குப் போனது என்ன? "அம்மா கொஞ்சம் சோர்வா இருக்கா டொக்டர்" என்று ஒரு வொய்ஸ், கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம், அதுவும் கலங்கின படம்.

தூரத்திலிருந்து நன்றாகவே பார்க்கலாம். கல்முனைப் பக்கம் ஒரு வாப்பா, விடியப்புறம் எழும்பினால் விழுவார். வயசுக் கோளாறு என்று விட்டிருந்தார்கள். போனில் இருந்த டொக்டர் இரண்டே வேலைதான் குடுத்தார். படுத்தபடி பிரசர் எடுத்து, எழுப்பி நிறுத்தி ஒரு நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் திரும்ப எடுக்கச் சொன்னார். வீட்டிலுள்ள மருந்துப் பெட்டி முழுவதையும் மேசையில் பரப்பிப் படம் கேட்டார். மேல் பிரசர் 20 இறங்கினாலே கவனிக்கணும், வாப்பாவுக்கு அதைவிடக் கூட இறங்கிச்சு. மேசையில் கிளினிக் குடுத்த லொசாட்டன் என்ற பிரசர் குறைக்கிற குளிசை ஒரு பக்கம், பாமசியில் வேறு பெயரில் வாங்கின அதே லொசாட்டன் மறுபக்கம். போதாக்குறைக்கு முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக். இவற்றோடு தண்ணி போற குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம். நேரில் வந்து நாடி பிடிச்சிருந்தால் அந்தப் பெட்டி தெரிஞ்சிருக்குமா?

"டொக்டர் நேரில் வரத்தான் வேணும்" என்பவர்களே, வரட்டும், நானா வேண்டாம் என்கிறேன். அமெரிக்காவில் நேர்சிங் ஹோமில் சேர்ந்த முதல் 90 நாளுக்கு 30 நாளைக்கு ஒருக்கா, பிறகு 60 நாளைக்கு ஒருக்காவாவது டொக்டர் நேரில் பார்த்தாகணும் என்று சட்டமே இருக்கு. ஆள் வந்து 48 மணி நேரத்துக்குள் முதல் பராமரிப்புத் திட்டம் எழுதணும். இடையில் போனிலும் கடதாசியிலும் மேற்பார்வை செய்யும் நேரத்துக்கு 15 நிமிஷம், 30 நிமிஷம் என்று கணக்கிட்டு டொக்டர் பில் போட இலக்கமும் உண்டு. அங்கேயும் மெடிகெயார் என்ற அரசாங்க முதியோர் காப்புறுதி அதுக்குத் தனியாகக் காசு குடுக்காது, அது வேறு கதை. இங்கே? "ஒருக்கா பாருங்க டொக்டர்" என்று இரவு பதினொன்றுக்கு இலவச மெசேஜ், பிறகு பேஸ்புக்கில் விசாரணை.

முகம் ஒரு பக்கம் கோணினால், நெஞ்சு நோ, மூச்சிரைப்பு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறவர் விழுந்து தலை அடிபட்டால், அதெல்லாம் போனுக்குரிய விஷயமில்லை. 1990 அம்புலன்சுக்கு அடியுங்க. இதுவும் திட்டத்தில் எழுதியிருக்கணும், சுவரில் ஒட்டியிருக்கணும்.

"நீங்க டொக்டர்மாருக்கு வக்காலத்து" என்று வருவாங்க, தெரியும். ஒருவரும் இல்லத்தில் வேலை செய்யிற பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு மணிக்கொருக்கா புரட்டிப் படுக்க வைச்சு, குதிக்காலும் இடுப்பும் சிவந்திருக்கா என்று பார்த்து, சிறுநீர் போற கத்தீற்றர் பையை வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டு, இரவில் தனியாக நிக்கிற பிள்ளைக்கு எதை அளக்கிறது, எதைக் கண்டால் யாரைக் கூப்பிடுறது என்று ஒருவரும் எழுதிக் குடுக்கவில்லை. இப்ப அந்தப் பிள்ளையும் குற்றவாளி. அம்மாவின் பிள்ளைகள் லண்டன், டொரொண்டோ, சிட்னியிலிருந்து ஆளுக்கொரு டொக்டரின் ஆலோசனையைக் குரூப்பில் போடுவாங்க. அந்தக் குரூப்பில் ஒருவரிடமாவது அம்மாவின் மருந்துப் பட்டியல் இருக்கா? சிறுநீரகம் எப்படி என்று காட்டுற கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கடைசியாக எப்ப பார்த்தது, யாருக்காவது தெரியுமா?

பதிவு போட்ட தம்பி, உங்கட அம்மம்மாவும் ஒரு இல்லத்தில்தானே. இன்றைக்கு எடுத்துக் கேளுங்க: இரவில் ஆர் கடமை, சுகர் பார்க்கிற குளுக்கோமீற்றருக்கு ஸ்ட்ரிப் இருக்கா, அந்த ஸ்ட்ரிப் போத்தலில் திறந்த திகதி எழுதியிருக்கா? பதிலையும் பதிவாகப் போடுங்க, வந்து வாசிக்கிறேன்.