பாட்டுக் கருவி வாங்குவது எளிது, சார்ஜ் போடுவது யார்?

விதி மீறும் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களிடம் வசூலிக்கும் அபராதத்தில் ஒரு பங்கு, அங்கு வசிப்பவர்களின் நலத்திட்டங்களுக்கே மானியமாகத் திரும்புவதை, அந்தப் பணத்தில் மறதி நோயாளிகளுக்குப் பாட்டுக் கருவி வாங்கித் தருவது பற்றிய ஒரு கட்டுரை சரியாகச் சொல்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டது. சட்டப்படி இல்லம் ஏற்கெனவே செய்தாக வேண்டிய வேலைக்கு இந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆள் பற்றாக்குறையைச் சரிக்கட்டச் சம்பளம் கேட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மறதி நோயாளிகளுக்கு அவரவர் விருப்பப் பாடல்களைக் கேட்கக் கொடுக்கும் திட்டம் நல்லதுதான். சறுக்குவது கருவியில் அல்ல, பாடல் பட்டியலில். 'பழைய பாடல்கள்' என்று எல்லோருக்கும் ஒரே தொகுப்பை ஏற்றினால் பயனில்லை. 15 முதல் 25 வயதுக்குள் அவர் கேட்டவை, கல்யாணத்தில் ஒலித்தவை, தேவாலயத்தில் பாடியவை எனக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டு முகத்தைக் கவனியுங்கள். கண் கலங்கினால் உடனே நீக்க வேண்டாம், கையைத் தட்டிவிட்டாலோ பதறினாலோ நீக்குங்கள். காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு ஹெட்போன் மாட்டினால் கீச்சென்று கத்தும், அவருக்குச் சிறு ஸ்பீக்கரே போதும். குளிப்பாட்டும் முன்பும், மாலையில் அமைதியின்மை தொடங்கும் முன்பும் கொடுங்கள். கத்த ஆரம்பித்த பிறகு மாட்டினால் பிடுங்கி எறிவார்.

ஹெட்போன் உறையை ஆளுக்கு ஆள் மாற்றவும் இரவில் சார்ஜ் போடவும் பணிமுறை அட்டவணையில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். மானியம் அதிகபட்சம் 3 ஆண்டுதான். அதற்குப் பின் பேட்டரி, உறைச் செலவு யாருடையது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.