குனியாதவன் எடுத்த படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட். தீபாவளிக்கு மறுநாள் காலை. மாரிமுத்து மாமா தோட்டத்து ஸ்டோரில் பால் அளந்தே தலை நரைத்தவர். மரத்துப்பால்தான், மாட்டுப்பால் அல்ல. அந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களெல்லாம் செம்பனையாக மாறிவிட்டன, மாமா மாறவில்லை. அவருடைய மருமகன் குணா பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான்.

மாமா: பசியாறிவிட்டாயா?

குணா: ஆயிற்று மாமா.

மாமா: பிறகு ஏன் கைத்தொலைபேசியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாய்? யார் அந்தப் பெண்?

குணா: பெண் இல்லை மாமா. பீர்.

மாமா: மெதுவாகச் சொல்! அத்தை அடுப்படியில் இருக்கிறாள்.

குணா: கடையில் வாங்கியது இல்லை. பெர்த்தில் என் அறையில் 23 லிட்டர் புளிக்கப் போட்டுவிட்டு வந்தேன். கூட்டாளி ஒருவன் பார்த்துக்கொள்கிறான்.

மாமா: அடப்பாவி! சுங்கத்துறைக்காரன் பிடித்தால்?

குணா: இங்கேதான் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது. அங்கே சொந்தக் குடிக்கு வீட்டில் பீர் செய்து கொள்ளலாம். சாராயம்போல் வடிப்பதில்லை மாமா. மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, அதன் கரைசலில் ஈஸ்டைப் போட்டுக் காத்திருப்பது, அவ்வளவுதான்.

மாமா: அப்படிச் சொல். கள்ளுக்கு வெள்ளைக்காரத் தம்பி. அது சரி, பெருமூச்சு எதற்கு?

குணா: புளித்து முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இந்தப் படத்தைப் பாருங்கள்.

(மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். படத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு மிதவை. பக்கத்தில் யாரோ கடித்து வைத்த ரொட்டி.)

மாமா: அட, மெட்ரோலாக்!

குணா: ஹைட்ரோமீட்டர் மாமா. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை.

மாமா: எனக்கேவா? பித்தளையில் செய்த இதன் அண்ணன் மெட்ரோலாக்கை நான் கையில் வைத்திருந்தேன். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலப்போம். வெறும் பால் கெட்டி, மிதவை சரியாக அசையாது. மிதவையை இறக்கி, வருகிற எண்ணை 3-ஆல் பெருக்கினால் பாலில் எவ்வளவு ரப்பர் என்று தெரிந்துவிடும். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. பால் நல்ல பாலாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும். வரும் வழியில் எவனாவது ஆற்றுத் தண்ணீரைச் சேர்த்திருந்தால் மேலே எழும்பி நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

குணா: இதிலும் இறங்கினால்தான் நல்லது. தொடக்கத்தில் கரைசல் முழுக்கச் சர்க்கரை, அடர்த்தி அதிகம், மிதவை மேலே நிற்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், நான் கிளம்பும்போது இது 1.050. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன மிதவை இறங்கும். இந்த மால்ட்டுக்கு 1.010 அளவில் வந்து நிற்க வேண்டும்.

மாமா: அதிலிருந்து போதைக்குக் கணக்கு உண்டா?

குணா: உண்டு. முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் 5.25 விழுக்காடு.

மாமா: எங்கள் காலத்தில் கள்ளுக்கடை வாசலில் ஆள் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்தே சொல்லிவிடுவோம். கொண்டா, நான் படிக்கிறேன். 1.016.

குணா: எனக்கு 1.018 தெரிகிறதே!

மாமா: உனக்குக் கண் கோளாறு.

குணா: திரவம் தண்டை ஒட்டிக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும் மாமா. நீங்கள் அந்த ஏறிய விளிம்பைப் பார்க்கிறீர்கள். அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மாமா: பாலுக்குள் அடிமட்டம் எங்கே தெரியும்? சுண்ணாம்பு மாதிரி வெள்ளை! மேல் விளிம்பைத்தான் பார்ப்போம்.

குணா: பாலுக்கு அது சரி. பீர் தெளிவு, உள்ளே தெரியும். அதனால் கீழே.

மாமா: (சற்று யோசித்து) சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படமே தப்பு. இவன் நின்றபடியே மேலிருந்து எடுத்திருக்கிறான். கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டாமா? உன் கூட்டாளிக்கு முதுகு வலியா?

குணா: குனியமாட்டான் மாமா. கீழே விழுந்த காசைக்கூட எடுக்கமாட்டான்.

மாமா: குமிழி வேறு மிதவையை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தூக்கிப் பிடிக்குமே! ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்.

குணா: சொன்னேன். மிதவைக்குத் தலை சுற்றாதா என்று கேட்டான்.

(இப்படியொரு ஆளிடம் 23 லிட்டரை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறியவனை என்ன சொல்வது? மாமா ஒன்றும் சொல்லவில்லை. கோப்பியை ஒரு வாய் குடித்தார்.)

மாமா: முடிந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வாய்?

குணா: இரண்டு மூன்று நாள் எண் மாறாமல் இருக்க வேண்டும். அதுதான் குழப்பம். திங்கள் 1.018. செவ்வாய் 1.018. இன்றும் 1.018. மாறவில்லைதான், ஆனால் 1.010-க்கு எட்டுப் புள்ளி உயரத்தில் நிற்கிறது. முடிந்துவிட்டதா, ஈஸ்ட் பாதியில் தூங்கிவிட்டதா?

மாமா: தூங்கியிருந்தால்?

குணா: எழுப்ப வேண்டும். தொட்டியைக் கொஞ்சம் சூடான இடத்தில் வைத்து, மெல்ல அசைத்துவிட வேண்டும். அதற்குமுன் போத்தலில் அடைத்தால் ஆபத்து. போத்தலுக்குள் நுரை வருவதற்கென்று நாமே லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்போம். இதில் மிச்சமிருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஈஸ்ட் உள்ளேயே விழித்துக்கொண்டால் வாயு போக வழியில்லை. போத்தல் வெடிக்கும்.

மாமா: தீபாவளிக்கு நல்ல வேடிக்கைதான். மூன்று படத்தையும் வரிசையாகக் காட்டு.

(குணா காட்டுகிறான். மாமா ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மண்டோர் என்ற தோட்டத்துக் கங்காணி பால் வாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.)

மாமா: திங்கட்கிழமை ரொட்டியில் இடது ஓரம் ஒரு கடி.

குணா: ரொட்டியா?

மாமா: செவ்வாய்க்கிழமை ரொட்டியிலும் இடது ஓரம் ஒரு கடி. இன்றைய ரொட்டியிலும் அதே இடம், அதே பல். மூன்று நாளாக ஒருவன் ரொட்டியைக் கடித்த வாக்கிலேயே வைத்திருப்பானா? தம்பி, இது ஒரே படம்.

குணா: ஐயோ! எப்படி மாமா கண்டுபிடித்தீர்கள்?

மாமா: நான் செய்யாத வேலையா? பால் கொண்டு வந்து நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். மழை வேறு இருட்டிக்கொண்டு வரும். ஒவ்வொருவருக்கும் கலக்கி, நுரை வழித்து, குனிந்து பார்க்க இடுப்பு இடம் தராது. நேற்றைய எண்ணையே எழுதிவிடுவேன்.

குணா: மாமா! அது அவர்கள் கூலி!

மாமா: யாருக்கும் குறைத்து எழுதியதில்லை.

குணா: அப்படியென்றால் கூட்டி எழுதினீர்களா?

மாமா: துரை போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டமும் போய்விட்டது. இப்போது எதற்கு அந்தக் கணக்கு? நீ அவனுக்குச் செய்தி அனுப்பு.

(அனுப்புகிறான். பெர்த்திலும் இங்கும் ஒரே நேரம்தான். பதில் உடனே வருகிறது. குணாவின் முகம் வாடுகிறது.)

மாமா: என்ன சொல்கிறான்?

குணா: திங்கட்கிழமையே போத்தலில் அடைத்துவிட்டானாம். முப்பது பெரிய போத்தல். நான் திரும்பும்போது ஆச்சரியப்பட வேண்டுமாம். தொட்டியில் அளக்க ஒன்றும் இல்லாததால் பழைய படத்தையே அனுப்பினானாம்.

மாமா: உடனே எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைக்கச் சொல். குளிரில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும்.

குணா: குளிர்பெட்டியில் இடமில்லையாம்.

மாமா: பிறகு எங்கே வைத்திருக்கிறான்?

குணா: என் கட்டிலுக்கு அடியில்.

மாமா: (கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு) அதற்கு மட்டும் குனிந்திருக்கிறான் பார்!