"ஹாட்னரைக் கொஞ்சம் கூட விடு, கெதியா இறுகும்" எண்டு சொல்லிக் குடுத்தது ஆர்?

மேசை, பலகைக்கு மேல ஊத்துற எபொக்சி ரெசினோட, அதை இறுக வைக்கக் கலக்கிற திரவம்தான் ஹாட்னர். "கூட விடு" எண்ட அந்த ஒரு வசனம் யாழ்ப்பாணத்தில எத்தனை மேசையையும் பெயர்ப்பலகையையும் சிரட்டைக் கிண்ணத்தையும் நாசமாக்கியிருக்கு எண்டதுக்குக் கணக்கே இல்லை. ஊத்தி மூண்டு நாளாச்சு, விரலை வைச்சால் பலாப்பால் மாதிரி இழுபடுது. வீட்டுத் தூசியெல்லாம் அதிலதான் வந்து குந்துது. உடன ஏச்சு ரெசினுக்கு: "கள்ளச் சாமான், பழைய சாமான்." அனேகமா சாமானில பிழையே இல்லை. விட்ட அளவிலதான் பிழை.

இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்தது எண்டும் விளங்குது. கரையோரத்தில பைபர் வள்ளம் திருத்துற ஆக்கள் பாவிக்கிறது பொலியெஸ்டர் ரெசின். அதுக்கு எம்.ஈ.கே.பி. எண்ட திரவம் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான் விடுறது. ஒரு கிலோவுக்கு 10 தொடக்கம் 20 கிராம். அது வெறும் தூண்டி, இறுகிறதைத் தொடக்கிவிடுறது மட்டும்தான். அந்த எல்லைக்குள்ள கொஞ்சம் கூட்டினால் கெதியா இறுகும், குறைச்சால் சுணங்கும். (அதை, பொலியெஸ்டரைக் கெதியா இறுக வைக்க விடுற கோபால்ற் திரவத்தோட நேரடியா ஒருநாளும் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். இதையும் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை.) அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எபொக்சியில போடுறதுதான் விசர் வேலை. எபொக்சியில ஹாட்னர் தூண்டி இல்லை, அதுவும் ரெசின் மாதிரி ஒரு பங்குச் சாமான். ரெண்டும் ஒண்டை ஒண்டு பிடிச்சுத்தான் கட்டி ஆகுது. கூட விட்ட ஹாட்னருக்குப் பிடிக்க ரெசின் மிச்சம் இல்லை. அது உள்ளுக்க சும்மா கிடந்து, முழுக்க மெத்தெண்டு ஆக்கி ஒட்ட வைக்கும். கெதியா இறுகிறது எங்க, இறுகாமலே போயிடும்!

அடுத்த கொடுமை "2க்கு 1". எதால 2க்கு 1? கொள்ளளவாலயா, நிறையாலயா? ரெசின் தண்ணியைவிடப் பாரம், ஹாட்னர் அனேகமா தண்ணியளவுதான் அல்லது அதுக்குக் கொஞ்சம் குறைய. கொள்ளளவால 2க்கு 1 எண்ட சாமானைத் தராசில வைச்சால் 100 கிராம் ரெசினுக்கு 43, 45 கிராம் ஹாட்னர்தான் வரும். 50 கிராம் நிறுத்து விட்டால் நூற்றுக்கு 10, 15 பங்கு கூடிப் போச்சு. பேணியில எழுதின மாதிரியே செய்தன் எண்டு சத்தியம் பண்ணுவினம், உண்மைதான், ஆனால் பாதியைத்தான் வாசிச்சிருக்கினம். கோடு போட்ட கப் எண்டால் கொள்ளளவு விகிதம். தராசு எண்டால் நிறை விகிதம், அதுவும் 1 கிராம் காட்டுற டிஜிற்றல் தராசு. தேக்கரண்டியும் கண்மட்டமும் கறிக்குக் காணும், இதுக்குக் காணாது.

மேசை முழுக்க ஒட்டினால் அளவு பிழை. அங்க இங்க திட்டுத் திட்டா ஒட்டினால் கலந்தது பிழை. கப்பின்ர சுவரிலயும் அடியிலயும் கலக்காத ரெசின் படிஞ்சிருக்கும். கடைசியில அதையும் வழிச்சு ஊத்துற கை இருக்கே, அந்தக் கைதான் திட்டுக்குக் காரணம். தட்டையான குச்சியால சுவரையும் அடியையும் வழிச்சு 3, 4 நிமிசம் ஆறுதலாக் கலக்கி, வேற ஒரு காய்ஞ்ச கப்புக்கு மாத்தி இன்னொரு நிமிசம் கலக்கவேணும். ஊத்தி முடிய, கப்பை வழிக்காமல் எறியுங்கோ. பத்து ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் முழுப் பலகையும் துலையுது.

பேணியில "40 நிமிசம்" எண்டு போட்டிருக்கிறது, கலந்தாப் பிறகு ஊத்தக் கிடைக்கிற நேரம், அனேகமா 25 பாகைக்கு. எங்கட ஊர் வெயிலில 32 பாகையில நிண்டுகொண்டு அந்த 40ஐ நம்பினால் ஏமாற்றம்தான். ஏறக்குறைய 10 பாகைக்கு நேரம் பாதியாகும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதிலயும் கப்புக்குள்ள குவியலா விட்டால் தன்ர சூட்டிலயே கொதிச்சுப் புகைக்கும். கலக்கி முடிச்ச கையோட ஊத்திப் பரப்பவேணும். மேசைக்கு ஊத்துற ரகத்தை ஒரு தரத்தில 3 தொடக்கம் 6 மில்லிமீற்றருக்கு மேல ஊத்தினால் வெடிப்பு விழும், மஞ்சளாகும். எவ்வளவு வேணும் எண்டு கணக்குப் பார்க்கிறதும் கஷ்டமில்லை: 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 0.3 தடிப்பு, பெருக்கினால் 720 மில்லிலீற்றர். வழியிறதுக்கு நூற்றுக்கு 10 கூட்டுங்கோ.

குமிழி. "ஊத்தேக்க வடிவா இருந்தது, அரை மணித்தியாலத்தில முழுக்கப் பொக்குளம்." பனம்பலகை, பூவரசு, எதுவானாலும் மரத்துக்குள்ள காத்து இருக்கு. பனையில கறுத்த வைரத் தும்புக்கு இடையில இருக்கிறது முழுக்கத் துவாரம். காலமை 9 மணிக்கு முத்தத்தில வைச்சு ஊத்தினால் வெயில் ஏற ஏற மரம் சூடாகி, உள்ளுக்க இருக்கிற காத்து விரிஞ்சு, ரெசினுக்குள்ளால வெளிய வரும். குமிழி உடைய எத்தனை தரம் நெருப்புக் காட்டினாலும் திரும்பத் திரும்ப வரும், ஏனெண்டால் அது கலக்கேக்க வந்த காத்தில்லை, மரத்தின்ர மூச்சு. செய்யவேண்டியது, பலகை சூடு இறங்கிற நேரம், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, வீட்டுக்குள்ள, தூரிகையால மெல்லிசா ஒரு பூச்சுத் தேய்ச்சு இறுக விடுறது. அப்ப மரம் உள்ளுக்க இழுக்குமே ஒழிய வெளிய தள்ளாது. அது இறுகினாப் பிறகுதான் பெரிய ஊத்தல்.

பின்னேரம் எண்டவுடன விறாந்தையில வைச்சிட்டுப் படுக்கிற ஆக்களும் இருக்கினம். மாசிப்பனி மூசிப் பெய்யும் எண்டு ஊரில சும்மாவா சொன்னது? பனியும் காத்தில இருக்கிற கரியமில வாயுவும் ஹாட்னரோட சேர, விடிய மேல மெழுகு மாதிரி ஒரு படை நிக்கும். உடன சான்ட் பேப்பரை எடுக்காதேங்கோ! தேய்ச்சால் அந்த மெழுகு எல்லா இடமும் பரவி, அடுத்த பூச்சு பிடியாது. அது தண்ணியில கரையிற சாமான். இளஞ்சூட்டுத் தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சைப் பஞ்சும் காணும். கழுவி, துடைச்சு, காயவிட்டு, அதுக்குப் பிறகுதான் 220 இலக்கச் சான்ட் பேப்பர்.

பெயின்ற் அடிக்கிற கதை இதைவிட மோசம். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்கதான் கேற் ஞாபகம் வரும். மார்கழி ஈரத்தில, கறளுக்கு மேலயே எனாமல். கடற்கரைப் பக்கத்துக் கேற்றில கறளோட உப்பும் இருக்கு. அந்த உப்பு பூச்சுக்கு அடியில இருந்துகொண்டு ஈரத்தை இழுக்கும், பொக்குளம் வரும். கம்பித் தூரிகையால கறளை எடுத்து, உவர் இல்லாத நல்ல தண்ணியால கழுவி, நல்லாக் காய வைச்சு, அண்டைக்கே ரெட் ஒக்சைட் எண்ட கறள் தடுக்கிற அடிப்பூச்சை அடியுங்கோ. விட்டால் விடிய திரும்பவும் கறள். பிறகு எனாமல் ரெண்டு மெல்லிய பூச்சு, இடையில ஒரு முழு நாள்.

ஜி.ஐ. பைப்பில செய்த கேற் எண்டால் இதுவும் சரிவராது. அதின்ர மேல்பூச்சு நாகம். எனாமலில இருக்கிற எண்ணெய் நாகத்தோட சேர்ந்து சவர்க்காரம் மாதிரி ஒண்டாகி, பூச்சு வாழைச்சருகு மாதிரிப் படை படையாக் கழரும். ஜி.ஐ.க்கு எண்டு இருக்கிற பிறைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்காமல் எத்தனை தரம் எனாமல் அடிச்சாலும் காசு காத்தில போறதுதான்.

பெயின்ற் தடிப்பெண்டு மண்ணெண்ணெய் ஊத்துறதை எப்ப விடப்போறீங்கள்? அது போக நாள் எடுக்கும், மினுக்கமும் போயிடும். எனாமலுக்கு ரப்பன்ரைன், நூற்றுக்கு 5 தொடக்கம் 10. லாக்கருக்கு விடுற கடுமையான என்.சி. தின்னரை விட்டால் கீழ இருக்கிற பழைய எனாமல் சுருண்டு எழும்பும். தடிப்பா அடிச்சாலும் சுருக்கம்தான்: எனாமல் காத்தில இருக்கிற ஒட்சிசனால இறுகிறது, மேல தோல் கட்டினால் உள்ளுக்க ஈரம் அடைபட்டுப் போகும். ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குக் கிட்டத்தட்ட 110 சதுர அடி வரவேணும். 60 சதுர அடியில முடிஞ்சால் அடிச்சது தடிப்பு.

எபொக்சி ஊத்தி ஒட்டிக்கொண்டு இருக்கிற பலகையை எறியாதேங்கோ. அதுக்கு மேல ஹாட்னரைத் தடவவும் வேண்டாம், உதையும் சில ஆக்கள் சொல்லித் திரியினம். கையுறை போட்டு, ஈரமா இருக்கிறதைத் தகட்டால வழிச்சு எடுத்து, அசற்றோனில நனைச்ச சீலையால துடைச்சு, சரியா நிறுத்துக் கலந்த புதுப் பூச்சை மேல ஊத்துங்கோ.

கடைக்காரரிட்டயும் ஒண்டு கேக்கவேணும். பெரிய கானில இருந்து சோடாப் போத்தலுக்கு மாத்தி, "ஏ", "பி" எண்டு மார்க்கரால எழுதி விக்கேக்க, விகிதம் என்ன, அது நிறையா கொள்ளளவா எண்டு அந்தப் போத்தலிலயே தமிழில ஒரு வரி எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் போகும்?