காசிமேட்டுப் பாட்டும் ஃபோகஸுக்கு வெளியே நிற்கும் பெண்களும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுக்கப்பட்ட தனியிசைப் பாடல் காணொளி ஒன்றைச் சென்ற வாரத்தில் மட்டும் ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். பாடலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லவரும் குறை அந்த ஒரு குழுவோடு நிற்பதில்லை. வடசென்னையைக் களமாக வைத்து யூடியூபில் வரும் கானா, ராப் காணொளிகள் பலவற்றுக்கும் அது பொருந்தும். தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங்கும், காட்சியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கலர் கிரேடிங்கும் செய்து பிழைப்பவள் என்பதால், பாட்டு காதில் ஏறுவதற்கு முன்பே என் கண் ஃபிரேமுக்குப் போய்விடுகிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். விடியற்காலை வெளிச்சத்தில் விசைப்படகுகளின் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று உரசி நிற்க, ட்ரோன் மெல்ல மேலேறும் அந்தத் தொடக்கக் காட்சியைப் பார்த்தபோது, நான் பிறந்து வளர்ந்த ஊர் இத்தனை அழகா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. டோலக் அடிக்குச் சரியாக விழும் வெட்டுகளில் எடிட்டரின் காது தெரிகிறது. எங்கள் பகுதியைப் புழுதி நிறத்திலும் அரிவாளோடும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் படகுகள் அப்படி வரிசைகட்டி நெருக்கியடித்து நிற்பது எப்போது என்று யோசிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள்களாக இருந்ததை 2017இல் நீட்டித்தார்கள். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் அந்த நாள்களில் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே ஏலத்துக்கு வரும், விலையும் ஏறிவிடும். ஏலத்தில் எடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் கூடையை நிரப்ப முடியாமல் திரும்பும் காலமும் அதுதான். ட்ரோனுக்கு அழகாகத் தெரியும் அந்த நெரிசல் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள்களின் காட்சி. இயக்குநருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தால் அந்தப் பெண்களில் ஒருவரையாவது அங்கே நிறுத்தத் தோன்றியிருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

சரி, காணொளியில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒருத்தி மொட்டை மாடியில் நிற்கிறாள். துணி காயப் போட்டிருக்கிற கொடிக்கு நடுவே, காற்றில் முடி பறக்க, கீழே ஆடும் நாயகனைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர அவளுக்கு வேலை ஏதும் இல்லை. அந்த மாடியின் சொந்தக்காரப் பெண் அந்த நேரத்தில் அங்கே நின்று சிரித்திருப்பாரா, தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்திருப்பாரா என்பது வேறு கதை.

என் தொழில் சார்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாயகன், நாயகி இருவரும் ஒரே வெயிலில், ஒரே ஃபிரேமில் நிற்கும் காட்சி ஒன்று உண்டு. கான்ட்ராஸ்ட் கூட்டி, வேர்வையின் மினுமினுப்போடு அவன் கறுப்பை அழுத்தமாகக் காட்டியிருக்கிறார்கள். அவள் முகத்தையும் கைகளையும் மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, மாஸ்க் போட்டு, வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். அவள் திரும்பும்போது மாஸ்க் அரை நொடி பின்தங்குவதால், கழுத்துக்கு ஒரு நிறமும் தாடைக்கு ஒரு நிறமும் வந்துவிடுகிறது. ஆணின் கறுப்பு மண்ணின் பெருமையாம், பெண்ணின் கறுப்பு மட்டும் கிரேடிங்கில் திருத்த வேண்டிய பிழையாம். நானும் யோக்கியம் இல்லை. "பொண்ணைக் கொஞ்சம் தூக்கி விட்டுடும்மா" என்று கல்யாண வீட்டார் சொல்லும்போதெல்லாம் அதே வேலையைச் செய்து காசு வாங்கியிருக்கிறேன். அதனால்தான் அந்த அரை நொடி என் கண்ணுக்குத் தப்பவில்லை.

இன்னொருத்தி அம்மா. திட்டுகிறாள், சோறு போடுகிறாள், அழுகிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை, காணொளியும் சொல்லவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் பின்னணியில் இருக்கிறார்கள். ஏலம் நடக்கும் இடத்தின் வழியாக நாயகன் நடந்து வருகிறான்; லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து எடுத்திருப்பதால் அவன் முகம் மட்டும் துல்லியமாக இருக்க, அவனுக்குப் பின்னால் மீன் அள்ளும், பேரம் பேசும், பனிக்கட்டி உடைக்கும் பெண்கள் வண்ணத் திட்டுகளாகக் கரைந்துபோகிறார்கள். திரையில் பெண் வெறும் பார்வைப் பொருளாக்கப்படுவதைப் பற்றித் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் எழுதியது இன்றும் மாடியில் நிற்பவளுக்குப் பொருந்தும். ஏலக்கூடத்துப் பெண்களைக் காமிரா அப்படிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் வெறும் சூழல், படகையும் சுவரையும் போல.

இப்படித்தான் எடுக்க முடியும் என்றில்லை. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானா என்றாலே ஆண் குரல் என்றிருந்த பழக்கத்துக்கு நடுவே இசைவாணி மைக்கைப் பிடித்துப் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. அங்கே பெண்ணைப் பார்த்ததற்குக் காரணம் அவர் பாடியதுதான். மரண வீட்டில் ஆண்கள் விடிய விடியப் பாடிவந்த ஒரு இசை வடிவத்தில் அது சின்ன விஷயம் அல்ல. அதற்குப் பிறகும் நம் காணொளிகளில் பெண் ஏமாற்றிவிட்டுப் போனவளாகவோ மாடியில் நிற்பவளாகவோ மட்டுமே வருகிறாள் என்றால், சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம பசங்க கடன் வாங்கி ஒருநாள் வாடகைக்குக் காமிரா எடுத்துப் பண்ணுகிறார்கள், அதில் போய்க் குறை சொல்வதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபோகஸ் ரிங்கைப் பின்னால் இருப்பவர் பக்கம் இரண்டு நொடி திருப்ப வாடகை ஏதும் கூடாது.

நேற்று இரவு இந்தக் காணொளியை என் பெரியம்மாவிடம் காட்டினேன். முப்பது வருடத்துக்கும் மேலாகக் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். ஏலக்கூடக் காட்சி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். நாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திட்டு, அதன் இடுப்பளவில் ஒரு வெள்ளைத் திட்டு. "இது நான்தாண்டி," என்றார். முகமே தெரியவில்லையே என்றேன். "மூஞ்சி எதுக்கு? அன்னக்கூடையைப் பாரு, அந்தப் பக்கம் ஒடுங்கி இருக்குது இல்ல? போன வருசம் வண்டியில இருந்து விழுந்தது."